பழைய ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிப் போடலாமா? பட்டர்வொர்த் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். காரில் 2012 வாக்கில் வாங்கிய ஜிபிஎஸ் கருவி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். பினாங்குத் தீவுக்கு வழி கேட்டால் அது ஃபெர்ரி நிலையத்துக்குக் கூட்டிப்போகிறது. இரண்டாவது பாலத்தில் ஏறினால் கார் கடலுக்குள் ஓடுவதுபோல் காட்டுகிறது. கோலாலம்பூருக்கு வந்துவிட்டு அங்கிருந்து கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போகும்போது, கூட்டரசு நெடுஞ்சாலையில் டோல் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஊரைச் சுற்றவிடுகிறது. போதாக்குறைக்குத் தேதி இருபது வருடம் பின்னால் போய் நிற்கிறது. கருவி பழுதா, புதிதாக வாங்கலாமா, இல்லை அப்பாவுக்குக் கைப்பேசியில் வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலியைப் பழக்கிவிடலாமா என்பது கேள்வி.

தம்பி, கருவியில் பழுது இல்லை. நீங்கள் சொன்ன நாலு குறையில் மூன்று, உள்ளே இருக்கும் வரைபடம் பழசானதால் வருபவை. நாலாவதான தேதிக் குழப்பம் ஃபர்ம்வேர், அதாவது கருவியை இயக்கும் உள் மென்பொருள், சம்பந்தப்பட்டது. அப்பாவுக்குக் கை பழகிய கருவி என்றால் முதலில் அதைச் சரிசெய்யப் பாருங்கள். முடியாவிட்டால் மட்டும் மற்றதை யோசிக்கலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"சேட்டலைட் தப்பான வழி காட்டுது" என்று கருவி வைத்திருக்கும் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். செயற்கைக்கோளுக்கு வழியே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள் ஓயாமல் இரண்டு விஷயத்தைத்தான் அறிவித்துக்கொண்டிருக்கின்றன: இப்போது நேரம் என்ன, தான் எங்கே இருக்கிறது. அந்த அறிவிப்பு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நாலு கோள்களின் அறிவிப்பு கிடைத்தால் கார் நிற்கும் இடம் தெரிந்துவிடும். வானத்திலிருந்து வருவது அவ்வளவுதான். அந்த இடத்தில் சாலை உண்டா, அது ஒருவழியா, டோல் உண்டா, வலப்பக்கம் திரும்ப விடுவார்களா என்பதெல்லாம் கருவிக்குள் இருக்கும் வரைபடக் கோப்பு சொல்வது. அப்பாவின் கருவியில் அந்தக் கோப்பு 2012-லேயே நிற்கிறது.

இப்போது உங்கள் குறைகளைப் பாருங்கள். 2012-இல் பினாங்கு ஃபெர்ரியில் கார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நடந்து போகிறவர்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான். ஆக, கருவி அப்பாவை அங்கே அழைத்துப்போனது அதன் கணக்குப்படி சரி. இதற்கு இன்றைக்கே ஒரு வழி இருக்கிறது. அமைப்புகளில் தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஃபெர்ரியைக் குறித்துவிடுங்கள். அதன்பின் அது பிறை வழியாகப் பாலத்துக்குப் போகச் சொல்லும்.

இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1-இல்தான் திறந்தது. பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல். வரைபடத்தில் அந்தப் பாலமே இல்லாததால் அம்புக்குறி நீலத்தில் மிதக்கிறது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாலம் எங்கே போகிறதோ அதே கோட்டில் அம்பு கடலில் நகர்ந்தால் ஆண்டெனாவும் சிப்பும் நன்றாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். பழைய கருவியின் உடல்நிலையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் பினாங்கில் இல்லை.

கூட்டரசு நெடுஞ்சாலையும் அதே கதைதான். பத்து தீகா, சுங்கை ராசாவ் இரண்டு சாவடியிலும் டோல் வசூலை 2018 ஜனவரி 1-இல் எடுத்துவிட்டார்கள். அப்பா எப்போதோ டோலைத் தவிர்க்கும்படி குறித்து வைத்திருப்பார். பழைய வரைபடம் இன்னும் அங்கே டோல் இருப்பதாக நம்பி, ஷா ஆலாம் உள்சாலைகளில் சுற்றவிடுகிறது. அந்தக் குறியை எடுத்துவிட்டால் நேராகப் போகச் சொல்லும். ஆனால் வேறு இடங்களில் டோல் சாலையிலும் ஏற்றிவிடும். அதனால் இதற்கு நிரந்தரத் தீர்வு புது வரைபடம்தான்.

தேதி விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல கருவிகளைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஜிபிஎஸ் அறிவிப்பில் வாரத்தின் எண் என்று ஒன்று வரும். அதற்கு ஒதுக்கிய இடம் சின்னது. 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். 1024 வாரம் முடிந்ததும் மறுபடியும் 0-இலிருந்து தொடங்கும். ஒருமுறை 1999 ஆகஸ்டில் அப்படி நடந்தது, அடுத்தது 2019 ஏப்ரல் 6-இல். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவியின் ஃபர்ம்வேர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ஃபர்ம்வேர் சில அதில் தடுமாறி 1024 வாரம் பின்னால் போய்விடுகின்றன. 1024 வாரம் என்றால் 19 வருடம், ஏழரை மாதம். உங்கள் கருவியின் தேதி சரியாக அந்த அளவு பின்தங்கியிருந்தால் இதுதான் காரணம், வேறு எதையும் தேட வேண்டாம்.

தயாரிப்பாளர் இன்னும் ஃபர்ம்வேர் கொடுத்தால் கணினியில் இணைத்துப் புதுப்பித்ததும் தேதி திரும்பிவிடும். கருவி கார்மின் நிறுவனத்தது என்றால் கார்மின் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றால்? பல கருவிகளில் தேதி தப்பாக இருந்தாலும் இடம் சரியாகவே காட்டும், வழியும் சொல்லும். பகல் திரை, இரவுத் திரை தானாக மாறுவது மட்டும் குழம்பலாம். அதைக் கையால் மாற்றிக்கொள்ளலாம். அப்பா அதைச் சகித்துக்கொண்டால் போதும்.

வரைபடத்துக்கு வருவோம். கருவியின் பெயருக்குப் பின்னால் எல்எம் (LM) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். கார்மினில் அது வாழ்நாள் முழுக்க இலவச வரைபடம் என்று பொருள். எல்எம்டி (LMT) என்றால் போக்குவரத்துத் தகவலும் சேர்த்து. அப்படி இருந்தும் ஒருமுறைகூடக் கணினியில் இணைக்காமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. காசு கொடுத்து வாங்கிய உரிமை, அதைப் பயன்படுத்துங்கள். பதிவிறக்கம் பெரிய கோப்பு என்பதால் வீட்டு வைஃபையில் இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். பாதியில் கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள். பாதி எழுதிய வரைபடத்தோடு கருவி எழுந்திருக்காமல் போகலாம். இன்னொன்று, பழைய கருவிகளில் உள்நினைவகம் சின்னது. புது வரைபடம் அதற்குள் அடங்காமல் மெமரி கார்டு கேட்டால் அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

வாழ்நாள் உரிமை இல்லாத கருவிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004-இல் தொடங்கிய, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் அது. கார்மின் கருவிகள் படிக்கும் வடிவத்தில் அதை மாற்றி இலவசமாகத் தருகிறார்கள். இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டுக்கு இது புதிதில்லை. காரில் ஜிபிஎஸ் வைக்கும் பழக்கம் இங்கே பரவிய காலத்தில் மால்ஃப்ரீமேப்ஸ், மால்சிங்மேப்ஸ் என்று இலவச வரைபடங்கள் இருந்தன. சம்பளம் வாங்காத சாதாரண மனிதர்கள் தாங்கள் ஓட்டிய தடத்தைப் பதிவு செய்து அனுப்ப, அதை வைத்தே தாமான் தாமானாக, அதாவது குடியிருப்புப் பகுதி வாரியாக, மலேசியச் சாலைகளை வரைந்தார்கள். கோயில், சாப்பாட்டுக்கடை, சந்து என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும் இடங்களெல்லாம் அதில் இருந்தன. அவர்கள் செய்த வேலைக்கு நாம் இன்னும் நன்றி சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

போடுவது சிரமமில்லை. முதலில் கருவியைக் கணினியில் இணைத்து, உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகவே கூடாது. பிறகு மைக்ரோ எஸ்டி கார்டை ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்து, அதில் கார்மின் (Garmin) என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வரைபடக் கோப்பை அதற்குள் வைக்க வேண்டும். பழைய கருவிகள் ஜிமேப்சப் என்ற பெயரில் இருக்கும் ஐஎம்ஜி கோப்பை (gmapsupp.img) மட்டும்தான் அடையாளம் காணும், பெயரை மாற்றாதீர்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மலேசியா, சிங்கப்பூர், புருணை மட்டும் என்றால் அந்தப் பிரச்சினை வராது. கடைசியாக அமைப்புகளில் புது வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, பழையதன் குறியை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்து, பழைய சாலையே மேலே தெரியும். "புதுசு போட்டும் மாறவில்லையே" என்று வருகிற புகாரில் முக்கால்வாசி இதுதான். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: இலவச வரைபடத்தில் வீட்டு எண் வைத்துத் தேடுவது பலவீனம். சாலை வரைக்கும் கொண்டுபோகும், வாசல் வரைக்கும் இல்லை.

பாப்பாகோ மாதிரி மற்ற பிராண்டு என்றால் இந்த வழி நடக்காது. அவை தங்கள் சொந்த வடிவ வரைபடத்தை மட்டும்தான் படிக்கும். தயாரிப்பாளர் புது வரைபடம் தருவதை நிறுத்திவிட்டால் அந்தக் கருவியின் காலம் அதோடு முடிந்தது. கடைகளில் "எல்லா வரைபடமும் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லி எங்கிருந்தோ எடுத்த திருட்டு நகலை ஏற்றிவிடுவார்கள். அதை அடுத்த முறை புதுப்பிக்க முடியாது, சிலசமயம் அசல் கோப்பையும் அழித்துவிடும். அப்படி யாராவது சொன்னால் கருவியைக் கையில் கொடுக்காதீர்கள்.

இனி கோலாலம்பூர். புது வரைபடம் போட்ட பிறகும் இங்கே சில இடங்களில் கருவி தடுமாறும். அதற்கான காரணம் வேறு என்பதால் அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. திறந்த வானத்தின் கீழ் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை பிசகலாம். நம் சாலையில் ஒரு தடம் மூன்றரை மீட்டர்தான் இருக்கும். ஆகவே நெடுஞ்சாலையில் ஓடுகிறீர்களா, பக்கத்தில் ஒட்டிப் போகும் சேவைச் சாலையில் ஓடுகிறீர்களா என்பது கருவிக்குச் சந்தேகம்தான். சுல்தான் இஸ்மாயில் சாலை, கேஎல்சிசி பக்கம் போனால் இன்னும் மோசம். கோளிலிருந்து வரும் அலை கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்பி வருவதால் தூரக் கணக்கு கூடிப்போகிறது. அம்பு பக்கத்துத் தெருவுக்குத் தாவும், உடனே "திரும்பிப் போ" என்று குரல் வரும். ஒரு சந்திப்பு தள்ளிப் போனால் தானாகச் சரியாகிவிடும். பதறித் திரும்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும் சாலைகள் இன்னொரு தொந்தரவு. அம்பாங் பக்கம் ஆக்லே, மற்ற திசைகளில் டியூக், சூக்கே, எஸ்பிஇ நெடுஞ்சாலைகள் என்று மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ் எப்போதும் பக்கவாட்டைவிடப் பலவீனம். மேலே ஏறிவிட்டீர்களா, கீழேயே இருக்கிறீர்களா என்று அது குழம்பும். ஏறுபாதை வருவதற்கு முன்னால் பச்சை, நீலப் பலகையைப் படிப்பதுதான் ஒரே வழி. லோரி ஓட்டிய மனிதருக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோலாலம்பூரில் ஸ்மார்ட் என்ற சாலைச் சுரங்கத்துக்குள் கருவிக்கு ஒன்றும் கேட்காது. கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து அம்பைத் தள்ளிக்கொண்டே போகும். உள்ளே நெரிசலில் நின்றாலும் அம்பு மட்டும் முன்னேறும். எந்த வெளிவழி வேண்டும் என்று நுழையும்போதே முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். 2007-இல் திறந்த அந்தச் சுரங்கம் வெள்ளநீரை வெளியேற்றவும் கட்டப்பட்டது. பெருமழை நாளில் மூடிவிடுவார்கள். இணையம் இல்லாத கருவிக்கு அது தெரிய வழியே இல்லை, அன்றைக்கும் சுரங்கத்துக்கே கூப்பிடும்.

புதுச் சாலைகளின் வேகத்தையும் பாருங்கள். டாஷ் நெடுஞ்சாலையும் சூக்கேயும் 2022-இல் திறந்தன, எஸ்பிஇ 2023-இல். மூன்று வருடம் வரைபடம் புதுப்பிக்காதவர் கோலாலம்பூரில் ஒரு பெரிய சாலையையாவது தவறவிடுவார். பெயர்களும் மாறுகின்றன. ஜாலான் டூத்தா 2014-இல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் ஆனது, ஜாலான் செமாராக் ஜாலான் சுல்தான் யாஹ்யா பெத்ரா ஆனது. ஆட்கள் வாயில் பழைய பெயர், பலகையில் புதுப் பெயர். கருவியில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

பினாங்கில் இது இன்னும் அதிகம், உங்களுக்கே தெரியும். கிரீன் லேன் என்று சொல்லாத பினாங்குக்காரர் யார்? கருவியில் அது ஜாலான் மஸ்ஜித் நெகிரி. நார்தம் ரோடு, ஜாலான் சுல்தான் அகமது ஷா. தண்ணீர்மலை என்று தேடினால் எதுவும் வராது. ஜாலான் கெபுன் புங்கா என்று தேட வேண்டும். தைப்பூசத்துக்கு அந்தச் சாலையை மூடுவது கருவியின் வரைபடத்துக்குத் தெரியாது. அந்த நாட்களில் தூரமாக வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதுதான் நாம் எப்போதும் செய்வது. ஜார்ஜ் டவுன் ஒருவழிச் சாலைகளில் மட்டும் கருவி சொல்வதைவிடச் சாலையில் இருக்கும் பலகையை நம்புங்கள்.

தேடுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியை வெறுத்துப்போனவர்களில் பலர் ஓட்டும்போது வெறுக்கவில்லை, தட்டச்சு செய்யும்போதே வெறுத்துவிட்டார்கள். நம் நாட்டு முகவரி முறை அப்படி. ஒரே பெயரில் பத்துத் தாமானில் சாலை இருக்கும். ஜாலான் மாவார் என்று தேடினால் நாடு முழுக்க வரிசையாக வரும். முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் சாலையைத் தேடுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் சாலைக்குப் பெயரே எண்தான். ஜாலான் எஸ்எஸ் 2/24 என்பதில் எஸ்எஸ்ஸுக்கும் 2-க்கும் இடையே இடைவெளி விட்டால் ஒரு கருவியில் கிடைக்கும், விடாவிட்டால் இன்னொன்றில் கிடைக்கும். இரண்டையும் முயலுங்கள். ஜாலான், லோரோங், லெபோ, லெங்கோக், லிந்தாங், சோலோக் என்ற முன்சொல்லை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தட்டினால் பல கருவிகளில் சீக்கிரம் கிடைக்கும்.

எல்லாம் தோற்றால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைப் போடுங்கள். கைப்பேசியில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் எண் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கைப்பேசி பாகையைப் புள்ளி வைத்துத் தருகிறது, பல கார் கருவிகள் பாகை, நிமிடம் என்று கேட்கின்றன. பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அதன் அட்சரேகை சுமார் 3.237. இதை 3 பாகை 23.7 நிமிடம் என்று போட்டுவிட்டால், பத்துமலைக்கு வடக்கே 17 கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோய்விடும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 0.237 பெருக்கல் 60, 14.2 நிமிடம். அல்லது கருவியின் அமைப்பில் எண் முறையையே மாற்றிவிடலாம், அதுதான் சுலபம்.

வழி தேர்வு முறையையும் ஒருமுறை பாருங்கள். குறைந்த தூரம் என்று வைத்திருந்தால் மாற்றி, குறைந்த நேரம் என்று வையுங்கள். குறைந்த தூரத்தில் வைத்துவிட்டு சுங்கை பட்டாணி, கோலா சிலாங்கூர் பக்கம் போனால் செம்பனைத் தோட்டத்து மண் சாலைக்குள் இறக்கிவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாலை மழைக்குப் பின் எப்படி இருக்கும் என்று தெரியும். தார் போடாத சாலையைத் தவிர்க்கும்படியும் ஒரு குறி இருக்கும், அதையும் போடுங்கள். நகரத்தில் இதற்கு இணையான தொல்லை காவல் போட்ட தாமான்கள். பின்வாசல் சாலையை வேலி போட்டு அடைத்திருப்பார்கள், முன்வாசலில் தடைக்கட்டை இருக்கும். வரைபடத்தில் அது திறந்த சாலையாகவே தெரியும். இதில் கைப்பேசியும் ஏமாறும், கருவியும் ஏமாறும். போகிற வீட்டில் "எந்த வாசல்?" என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இனி வெயிலும் கண்ணாடியும். நண்பகலில் மூடிய காருக்குள் கருவியை விட்டுப்போவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, சூடு அதற்கு எதிரி. பேட்டரி தளர்ந்துபோன கருவி கம்பியை எடுத்த உடனே அணைந்துவிடும். இந்த வயதுக் கருவியில் அது சகஜம். காரில் எப்போதும் கம்பியோடு ஓட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை தூக்கிக்கொண்டு வந்தாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள், அது தீப்பிடிக்கும் அபாயம். இறங்கும்போது கருவியைக் கழற்றி டாஷ்போர்டு பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் வெயிலுக்கும் நல்லது, கண்ணாடியை உடைக்கும் திருடனுக்கும் ஆசை வராது. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணத்தின் வட்டத் தடம் தெரிந்தாலே சிலர் உடைத்துப் பார்ப்பார்கள், அதையும் துடைத்துவிடுங்கள்.

டின்ட் விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சுள்ள படலம் ஜிபிஎஸ் அலையையும் திருப்பி அனுப்பிவிடும். புதிதாகக் கண்ணாடிப் படலம் போட்ட பிறகு கருவி கோளைத் தேடிக்கொண்டே இருக்கிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். டோல் கட்டும் ஸ்மார்ட்டேக் கருவியும் அதே நேரத்தில் தகராறு செய்ய ஆரம்பித்திருந்தால் படலத்தின் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். சில கார்களில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள், கருவியை அதற்கு நேராக வைத்துப் பாருங்கள். மழை, மேகம் இதற்குக் காரணமில்லை, ஜிபிஎஸ் அலை அவற்றை ஊடுருவி வந்துவிடும்.

நீண்ட நாள் அணைத்து வைத்த கருவி முதல்முறை இடம் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். ஒவ்வொரு கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாக் கோள்களின் பொது அட்டவணை முழுதாக வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல். பேரங்காடியின் அடித்தளத்தில் வண்டி எடுத்த உடனே வழி கேட்டால் பாவம் அது என்ன செய்யும்? வெளியே வந்து ஓர் ஓரமாக நிறுத்தி, அது இடம் கண்டுபிடிக்கும் வரை பொறுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேஸா, கருவியா என்ற கேள்விக்கு என் கருத்தை நேராகச் சொல்கிறேன். கோலாலம்பூரிலோ தீவிலோ தினமும் நெரிசல் நேரத்தில் ஓட்டுகிறவருக்குக் கைப்பேசிதான். விபத்து, வெள்ளம், சாலை மூடல் உடனுக்குடன் தெரிவது கைப்பேசியில் மட்டும்தான், இணையமில்லாத கருவி அதோடு போட்டி போட முடியாது. ஆனால் உங்கள் அப்பாவின் ஓட்டம் வேறு மாதிரி. மாதத்தில் ஓரிரு முறை நெடும்பயணம், தெரிந்த ஊர்கள், பெரும்பாலும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. அவருக்குப் பெரிய திரையில், ஒரே வேலையை மட்டும் செய்கிற கருவி நிம்மதி. நடுவில் வாட்ஸ்அப் அழைப்பு வந்து வரைபடத்தை மறைக்காது. கிரிக் மலைச்சாலையிலும் கேமரன் மலை ஏறும்போதும் தொலைபேசி அலைவரிசை அறுந்துபோனாலும் புதுவழி கணக்கிட்டுச் சொல்லும். கைப்பேசி வெயிலில் டாஷ்போர்டில் நின்றால் சூடேறித் திரை மங்கும். ஐஃபோனை 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது, நம் ஊர்க் காரில் அது சாதாரண வெப்பம். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் சம்மனும் உண்டு.

ஆக, இரண்டையும் வையுங்கள். கருவியில் வரைபடம் புதுசு, அப்பாவின் கைப்பேசியில் கூகுள் மேப்ஸ், அதில் பினாங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கும் இணையமில்லாமல் பார்க்கும்படி பதிவிறக்கம் செய்தது. கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரலும் வைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூருக்குள் நுழைவதற்கு முன் தஞ்சோங் மாலிம் பக்கமோ ரவாங்கிலோ ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி, ஒருமுறை கைப்பேசியில் நெரிசலைப் பார்த்துவிட்டு, மீதியைக் கருவியிடம் விட்டுவிடலாம்.

புதிதாக வாங்குவதானால், வாழ்நாள் வரைபடம் உண்டா, அந்த வரைபடத்தில் மலேசியா உண்டா என்ற இரண்டை மட்டும் கடையிலேயே கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து மலிவாகத் தருவிக்கும் கருவியில் ஐரோப்பா வரைபடம்தான் இருக்கும், நம் நாட்டுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டிவரும். பயன்படுத்தியதை வாங்கினால் கடைக்கு வெளியே வெயிலில் நின்று இயக்கிப் பாருங்கள். கோள் கிடைக்கிறதா, தொடுதிரை நாலு மூலையிலும் வேலை செய்கிறதா, கம்பி பிடுங்கியதும் சில நிமிடமாவது தாங்குகிறதா. அதன் வரைபட வருடத்தையும் அமைப்பில் பார்த்துவிடுங்கள். அதில் பினாங்கு இரண்டாவது பாலம் இல்லை என்றால், புதுப்பிக்க முடியுமா என்று உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள்.

அப்பாவின் கருவியை எந்த வழியிலும் புதுப்பிக்க முடியாமல் வேறு யாருக்காவது கொடுக்கவோ விற்கவோ வேண்டிவந்தால், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் 'வீடு' என்று பதிந்த முகவரி, அக்கா வீடு, கோயில், மருத்துவமனை, போய்வந்த தடம் எல்லாம் இருக்கும். தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, மெமரி கார்டை உருவி எடுத்துக்கொண்டு, மறுபடியும் இயக்கி வீட்டு முகவரி போய்விட்டதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பேட்டரி உப்பிய கருவியாக இருந்தால் யாருக்கும் கொடுக்காமல், குப்பைத்தொட்டியிலும் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.